கொள்ளு வைக்கிற தொப்பி

சிரிக்கலாம், கட்டாயம் சிரிக்கலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற அளவுக்கு இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, ஆனால் இப்போது கிடையாது. எஸ்தர், வாயை மூடு. உதட்டைக் கடி. என்றைக்காவது ஸ்கூல் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் குரலாகப் போட்டு இதைச் சொல்வாய், பஸ்ஸே குலுங்கும், டிரைவர் அண்ணன் கண்ணாடியில் முறைத்து "பின்னாடி என்ன கூத்து அங்க" என்பார், அவர் குரலையும் அங்கேயே போட்டுக் காட்டுவாய். இப்போது மட்டும் பொறு. இப்போது உன் மடியில் கிடப்பது அப்பாவின் தொப்பி, தொப்பியின் உச்சியில் ஒரு கிழிசல், கிழிசல் அச்சு எடுத்த மாதிரி லாட வடிவத்தில், மோப்ப நாயெல்லாம் வேண்டாம், யார் மிதித்தது என்று பார்த்த கண்ணுக்குத் தெரிந்துவிடும். மிதித்தவன் எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பெயர் கலெக்டர். ஊட்டி ஏரிக்கரையில் சவாரி போகிற குதிரைகளிலேயே குட்டை, மிடுக்கில் மட்டும் எல்லோரையும்விட உயரம், அதனால்தான் அப்பா அந்தப் பெயரை வைத்தார். காலையில் நிஜக் கலெக்டர் மழைக்காக ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார், எங்கள் கலெக்டர் சாப்பாட்டுக்கே லீவு விட்டிருக்கிறார். லாயத்துத் தகரத்தில் மழை பொரிகிற சத்தம், கற்பூர மரத்து இலை நனைந்த வாசனை, சாணி வாசனை, ஊறின கொள்ளின் பச்சை வாசனை, பக்கெட் நிறைய கொள்ளு, அப்பா விழுந்த நாளிலிருந்து அவன் தொடாத கொள்ளு. புல்லை ஏதோ ஒப்புக்கு இரண்டு வாய் இழுக்கிறான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டதா, இல்லை, மழை வெளிச்சம் அப்படிக் காட்டுகிறதா. நேற்றும் இப்படித்தான் மழை வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள், எல்லாக் குரலும் என் தொண்டையில் வரிசையாக நிற்கிறது. அம்மா: "எசமானைக் காணோம்னு ஏங்குதுடி, வாயில்லா ஜீவன், மனுசனுக்குத்தான் மூணு வேளையும் வயிறு ஞாபகம், உன்னைச் சொல்லல." மாட்டு டாக்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "வயிறு கிளியர். ஜுரம் கிடையாது. மனசுதாம்மா. மனசுக்கு நம்மகிட்ட ஊசி இல்ல." ஏரிக்கரையில் போட்டோ எடுக்கிற நசீர் அண்ணன், பீடியை ஓரமாகக் கடித்தபடி: "உங்கப்பன் வந்து ஒரு அதட்டு போட்டா பக்கெட்டையும் சேர்த்துத் தின்னுடும்." தப்பு, மூன்று பேரும் தப்பு. அதட்டு என்ன, அப்பாவின் குரலை அப்படியே போட்டுப் பார்த்துவிட்டேன். தொண்டையை இறக்கி, கடைசி எழுத்தை இழுத்து, "டேய் கலெக்டரூ, மனு குடுக்க வந்திருக்கேன், வாய்யா". காது இரண்டும் விடைத்துக்கொண்டது, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கெட்டைப் பார்த்தான், பெரிய ஆபீசர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டான். அவனுக்கு பக்கெட் ஆகாது. வாங்கி வந்த புதிதில் தகர பக்கெட்டின் கைப்பிடி டங்கென்று மூக்கில் விழுந்து பயந்தவன், அப்போதும் இப்படித்தான் பட்டினி கிடந்திருக்கிறான், கடைசியில் அப்பா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, கவிழ்த்து, இரண்டு கை கொள்ளை அதில் போட்டு நீட்டியிருக்கிறார். அன்றிலிருந்து சாயங்காலக் கொள்ளு தொப்பியில்தான். மற்ற குதிரைக்காரர்கள் செய்கிற கேலி கொஞ்சமா? "குணசீலா, மருமகனுக்கு வெள்ளித்தட்டு வைக்கலையா?" அப்பா அசர மாட்டார், கொடுத்து முடித்ததும் எச்சில் ஈரத்தோடு உதறித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார், அம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்துவாள். அப்படியென்றால் அவன் ஏங்குவது அப்பாவுக்காகவா, தட்டுக்காகவா? அப்பாவிடம் இதைச் சொன்னால் மனசு உடைந்துவிடும். சொல்லவேண்டாம். இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு இரண்டும் வேறுவேறு என்றே தெரியாமல் இருக்கலாம்.

இந்தத் தொப்பி முதலில் நசீர் அண்ணனுடையது, போட்டோவுக்கு வைத்திருந்தது. குதிரை மேல் ஏற்றி, தலையில் கவிழ்த்து, "தாடையைத் தூக்குங்க சார், சிரிக்காதீங்க, கௌபாய் சிரிக்க மாட்டான்" என்று கிளிக். எத்தனை ஊர்த் தலை இதற்குள் போயிருக்கும். கோயம்புத்தூர்ப் புதுப்பெண், "ஏனுங்க, இது கடிக்காதுங்களே?" என்று கேட்டது குதிரையையா புருஷனையா தெரியாது. மெட்ராஸ் மாமா, "இன்னாப்பா, குத்ர இம்மாத்தூண்டு கீது, நா குந்துனா தாங்குமா?" திருநெல்வேலி அண்ணாச்சி, "குதிரைக்குப் பேரு கலெக்டராலே? அப்ப நான் ஏறி உக்காந்தா யாரு, மந்திரியா?" எல்லோர் வீட்டு ஆல்பத்திலும் இந்தத் தொப்பி இருக்கிறது, அவர்கள் யாரும் இதை நினைக்கப் போவதில்லை. கேமரா போன் வந்ததும் எல்லோரும் தாங்களே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், ஒரு சீசன் முடிவில் நசீர் அண்ணன் தொப்பியைத் தூக்கி அப்பா தலையில் வைத்துவிட்டார். பழுப்பு நிறம், கம்பளியை அடித்து அடித்து அட்டையாக்கின துணி, ஃபெல்ட்டு என்பார் நசீர் அண்ணன், அதைச் சொல்லும்போது வெள்ளைக்காரன் ஆகிவிடுவார். அப்பா தலைக்கு வந்த பிறகுதான் அது ஒரு ஆளின் தொப்பியானது. வலது பக்க விளிம்பு கொஞ்சம் தொங்கல், அவர் எப்போதும் அங்கேயே பிடித்துக் கழற்றுவதால். உள்பக்கம் வியர்வைக் கறை கோடு கோடாக, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒன்று. மூஞ்சியை உள்ளே விட்டு மோந்தால் தேங்காய் எண்ணெய், கொள்ளு, குதிரை எச்சில், அப்பா. இப்போது மூஞ்சியை விட்டால் கிழிசல் வழியாகத் தகரக் கூரை தெரிகிறது. அன்றைக்கு ஏரிப் படியில் பாசி, அப்பாவின் கால் வழுக்கி முறிந்த சத்தம், ஈர மரம் முறிகிற மாதிரி, அதை மட்டும் நான் யாருக்கும் செய்து காட்ட மாட்டேன், செய்ய வரும், செய்ய மாட்டேன். அதே நேரம் பஸ் ஒன்று ஹாரன் அடிக்க, கலெக்டர் மிரண்டு பின்வாங்க, தொப்பி அவன் குளம்புக்கு அடியில். படியில் கிடந்த அப்பா முதலில் கேட்டது காலைப் பற்றி அல்ல. "பாப்பா, அவனுக்கு ஒண்ணும் இல்லையே? தொப்பி?" தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா மாதிரி பதமாக, "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றேன். அந்தக் குரல் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

அந்தக் குரலை விட முடியவில்லை இப்போது. எலும்பு டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் சொன்னார், "கட்டு பிரிக்கிற வரைக்கும் இந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. ஊனினா அப்புறம் குதிரை நடக்கும், நீங்க நொண்டுவீங்க." அப்பா தலையாட்டினார். அப்பாவின் தலையாட்டல் எனக்குத் தெரியும், கலெக்டர் சாப்பிடவில்லை என்று காதில் விழுந்தால் போதும், கட்டோடு, கம்போடு, அம்மாவைத் தாண்டி, இந்த மேட்டுப் பாதையில் மழையில் ஏறி வருவார். ஏறும்போது அந்தக் கால் வழுக்கும். நான் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கவேண்டியிருக்கும். அதனால்தான் கச்சேரி. தினமும் கொள்ளு நேரத்துக்கு போன் வரும், அப்பாவுடையது பட்டன் போன், பிழைத்தேன், படம் காட்டச் சொல்ல முடியாது. "சாப்பிடறானா பாப்பா?" "வெளுத்துக் கட்டறான்பா." "அவன் வாய்கிட்ட வை, கேக்கறேன்." முதல் நாள் கலெக்டரைப் பார்த்தேன், பக்கெட்டைப் பார்த்தேன். அப்புறம் போனை என் வாயிடமே வைத்துக்கொண்டேன். குதிரை தின்கிற சத்தம் சும்மா நாக்கில் வராது, முயற்சி செய்து பாருங்கள், ஆடு மாதிரி வரும். பக்கெட்டில் கைவிட்டு ஒரு பிடி ஊறின கொள்ளை அள்ளிப் போட்டுக்கொண்டு, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரைத்து, பல்லில் கறக் கறக், நடுவில் ஒரு செருமல், முடிவில் உதட்டைப் படபடவென்று அடித்து ஒரு பூர்ர்ர்ர். என் வாழ்நாளில் நான் போட்ட குரல்களிலேயே அதுதான் சிறந்தது, கேட்டவர் ஒரே ஒருத்தர், கைதட்ட யாருமில்லை. "நல்லா சாப்பிடறான்" என்றார் அப்பா, குரல் அப்படியே பஞ்சாக இறங்கியது. அன்றைக்கு ராத்திரி வலி மாத்திரை இல்லாமலே தூங்கினார் என்று அம்மா சொன்னாள். எனக்கு வயிறு ராத்திரி முழுக்கப் பேசியது. பச்சைக் கொள்ளு, சும்மாவா. சிரிக்காதே. கலெக்டர் ஓரக்கண்ணால் பார்க்கிறான், அவன் சாப்பாட்டைத் தின்று அவன் குரலிலேயே ஏப்பம் விடுகிறவளை அவன் என்னவென்று நினைப்பான்.

ஆனால் கச்சேரியால் அவன் வயிறு நிறையாது, விஷயத்துக்கு வா. கிழிந்த தொப்பியிலேயே கொள்ளு போட்டு நீட்டினேன், மூக்கை நீட்டினான், வந்தான், அதற்குள் எல்லாம் கிழிசல் வழியாகச் சேற்றில் கொட்டியது. உள்ளங்கையை அண்டை கொடுத்தேன், விரலிடுக்கில் ஒழுகியது. பிளாஸ்டிக் கவரை உள்ளே விரித்தேன், அது சரசரவென்றதும் சிப்ஸ் பாக்கெட்டை மூஞ்சியில் எறிகிற டூரிஸ்ட் பையன்கள் ஞாபகம் வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். நேற்று நசீர் அண்ணன் ஒரு புதுத் தொப்பி கொண்டுவந்து கொடுத்தார், அதே பழுப்பு, அதே அச்சு, "மழையில ரெண்டு நாள் போட்டு, கால்ல நாலு மிதி மிதிச்சு வை, உங்கப்பனுக்கு உயிர் போனாலும் வித்தியாசம் தெரியாது, சிம்பிள்" என்றார். அதோ ஆணியில் தொங்குகிறது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக. அதில் கொள்ளு போட்டு நீட்டினேன். அந்துருண்டை வாசனை. கலெக்டர் என் முகம் முழுக்கத் தும்மினான். ஆக, புதுத் தொப்பி ஒருவேளை அப்பாவை ஏமாற்றும், கலெக்டரை ஏமாற்றாது. பழையதற்கு ஒட்டுப்போட்டால் கலெக்டர் ஏற்றுக்கொள்வான், அப்பா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். யாராவது ஒருத்தர் கண்டுபிடித்தே தீருவார். இரண்டையும் வைத்துக்கொள், ஒன்று அப்பா தலைக்கு, ஒன்று கலெக்டர் வாய்க்கு, ஆஹா, எஸ்தர், உன் மூளைக்கு... இரு, அப்பா திரும்பி வந்த முதல் சாயங்காலமே தலையில் இருப்பதைக் கழற்றித்தானே நீட்டுவார். கழற்ற வலது விளிம்பைத் தொடுவார். அங்கே தொங்கல் இருக்காது. கை அப்படியே நிற்கும். "இது யாரு தொப்பி?" அப்பா குரலில் அதைச் சொல்லிப் பார்த்தேன், சின்னதாக, கோபமே இல்லாமல். காயத்தோடு வீட்டுக்கு வருகிற ஆள் பரவாயில்லையா, அவனை மாதிரியே வேஷம் போட்டு வருகிற வேறு ஆள் பரவாயில்லையா? வேஷம் போடுவதே என் பிழைப்பு, என்னைக் கேட்டால் வேஷம்தான் என்று சொல்லவேண்டும். எந்தக் குரலில் பேசினாலும் அப்பா திரும்பிப் பார்க்காமலே "என்ன எஸ்து" என்பார். ஒருமுறை ஹெட்மாஸ்டர் குரலில் போன் போட்டு, "உங்க பொண்ணு ஸ்கூல் மணியைத் திருடிட்டா சார்" என்றேன். அப்பா நிதானமாக, "மணியை அங்கயே வெச்சுட்டுச் சாப்பிட வாம்மா" என்றார். அப்படிப்பட்டவர் கொள்ளுச் சத்தத்தை நம்பினாரே, அது எப்படி. நம்பவேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆசை இருக்கிற ஆளை ஏமாற்றுவது சுலபம், சுலபமாக இருந்ததால்தான் எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை போலிருக்கிறது.

தைப்பது என்றால் முதலில் வெட்டவேண்டும், அதுதான் கையை இழுக்கிறது. கிழிசலின் ஓரம் பிய்ந்த பிசிறு, அதில் தையல் நிற்காது, கத்தரி வைத்து நல்ல துணி வரைக்கும் வெட்டி எடுக்கவேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். கத்தரியைத் திறக்கிறேன், மூடுகிறேன், தையல் டீச்சர் குரல் வருகிறது, "எஸ்தர், கத்தரிக்கோல் விளையாட்டுச் சாமான் இல்ல", அவரைப் போகச் சொல்கிறேன், நசீர் அண்ணன் வருகிறார், போகச் சொல்கிறேன், அம்மா வருகிறாள், அவள் போகமாட்டாள், மூலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கட்டும். எல்லோரும் ஓய்ந்த பிறகு எஞ்சுகிற குரல் எது என்று காத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, மழைதான். சரி. பிசிறு நறுக்கென்று போனது. அவ்வளவுதான், வலிக்கவில்லை, யாருக்கும். ஒட்டுக்கு, சேணத்துக்கு அடியில் போடுகிற பழைய கம்பளி விரிப்பின் ஒரு மூலை, அதுவும் அடித்த கம்பளிதான், கலெக்டரின் முதுகு வியர்வையில் வருஷக்கணக்காக ஊறினது, கறுத்துப்போய் இருக்கிறது, பழுப்பில் கறுப்பு, அசிங்கம், ஒளிக்க முடியாது, ஒளிக்கப் போவதுமில்லை. பார்த்தால் பார்க்கட்டும், பார்க்கிற அன்றைக்குக் கால் கூடியிருக்கும், இரண்டு காலில் நின்று திட்டட்டும். கோணி ஊசியில் சேணம் தைக்கிற மெழுகு நூலைக் கோத்து உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே. ஃபெல்ட்டில் ஊசி இறங்கும்போது சத்தமே இல்லை, பஞ்சுக்குள் பேசுகிற மாதிரி. விரலில் ஒருமுறை குத்தியது, ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டேன், எண்ணெயும் எச்சிலும் சேர்ந்த ருசி. ஓரிடத்தில் நூல் சிக்கியது, அவிழ்க்க அவிழ்க்க இன்னொரு முடிச்சு, எவ்வளவு நேரம் அதிலேயே இருந்தேன் தெரியாது, ஏற்றுக்கொள்ளவில்லையென்றால் என்ன செய்வாய், வெட்டியாச்சு, தைச்சாச்சு, அவன் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், என்று அந்த முடிச்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்துவிட்டு மேலே தைத்தேன். டீ வைக்கிற அடுப்பில் தண்ணீர் கொதிக்கவிட்டு ஆவியில் தொப்பியைக் காட்டினேன், நசுங்கின இடமெல்லாம் மெல்ல மெல்ல உப்பி எழுந்தது, லாயம் முழுக்க அப்பா தலை வாசனை. கலெக்டர் இன்றைக்கு முதன்முறையாகத் திரும்பினான்.

இரண்டு கை கொள்ளு போட்டேன். நிற்கிறது. ஒரு மணிகூட ஒழுகவில்லை. எந்தக் குரலில் கூப்பிடுவது, அப்பா குரலா, வேண்டாம், என் குரலில் "இந்தா" என்றேன், வெறும் இந்தா. வந்தான். விளிம்பை மோந்தான், உள்ளே மோந்தான், கறுப்பு ஒட்டிடம் வந்ததும் நின்றான், அது அவனேதான், அவன் முதுகு, தன்னையே மோந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான், நான் தொப்பியை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காதுகள் தளர்ந்தன, மூஞ்சி முழுசாக உள்ளே இறங்கியது. தொப்பி கனத்தது. கறக். கறக். அப்போது பார்த்து போன். ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் போன், கண்ணில் வழிவதைத் துடைக்கக் கை இல்லை. "சாப்பிடறானா பாப்பா?" "சாப்பிடறான்பா." நிஜத்தைச் சொல்வதற்கு எனக்கு யார் குரலுமே வரவில்லை, என் சொந்தக் குரல்தான் காய்ந்துபோய் வந்தது. "வாய்கிட்ட வை." வைத்தேன். அவன் ஆனந்தமாக அரைத்தான், நிறுத்தினான், தொப்பிக்குள்ளேயே புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு விட்டான், கொள்ளும் எச்சிலும் போன் மேல் தெறித்தது, மறுபடி அரைத்தான். "அப்பா?" "இரு. இன்னும் கிட்ட வை." வைத்தேன். இன்னொரு புஸ். "ஏம்மா, இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி இருக்கே." "வேற மாதிரியா? எப்பவும் போலத்தான்பா." "இல்லயே. தொப்பிக்குள்ள மூஞ்சியை விட்டா இப்படித்தான், நடுவுல நின்னு ஒரு மூச்சு விடுவான். நேத்து அது இல்ல. முந்தாநேத்தும் இல்ல. பட்டன் போனு, காதுல விழல போலன்னு இருந்தேன்." கலெக்டர் அரைத்துக்கொண்டிருந்தான். போனுக்குள் கட்டில் கிறீச்சிட்டது, அம்மா தூரத்தில் "எந்திரிக்காதீங்க, கால் கால்" என்று கத்துவது கேட்டது, "எந்திரிக்கல, நிமிர்ந்துதான் உக்காந்தேன்" என்றார் அப்பா அவளிடம், அப்புறம் என்னிடம், மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "எஸ்தர் ராணி." "அப்பா." "அடிப்பாவி, அப்ப இத்தனை நாளா கொள்ளு தின்னது நீயா?"